அடால்ஃப் ரப்: எல்லாரும் அப்படித்தான் இருந்தார்களா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் அடால்ஃப் ரப்பை இனவெறியர் என்று சொல்வது நியாயமா? அந்தக் காலத்தில் எல்லாருமே அப்படித்தானே இருந்தார்கள்? அவர் பெயரில் இருக்கும் அரங்கத்துக்கு அந்தப் பெயர் தொடரலாமா?

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ரப்பின் மனசுக்குள் என்ன இருந்தது என்று தோண்டிக்கொண்டே இருந்தால் இந்த விவாதம் முடியவே முடியாது, ஐம்பது வருடமாக முடியவும் இல்லை. அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது, அதை எதற்குச் செலவழித்தார் என்று பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகவே கிடைக்கிறது. அந்த விடை அவருக்குச் சாதகமாக இல்லை.

ரப் 1901-ல் கான்ஸஸ் மாநிலத்தில் குடியேறிகளின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1930-ல் கென்டக்கிக்கு கோச்சாக வந்தார். 1972-ல் கட்டாய ஓய்வு வயது வந்து வெளியேறும் வரை அங்கேயே இருந்தார். 876 வெற்றிகள், 190 தோல்விகள். 1948, 1949, 1951, 1958 என நான்கு தேசிய சாம்பியன்ஷிப்கள். ஆட்டத்துக்கு பிரவுன் சூட் போட்டுத்தான் வருவார், அது ராசி. 1951-ல் அவருடைய பழைய வீரர்கள் சிலர் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடியது வெளிவந்தது. கென்டக்கி 1952-53 சீசன் முழுவதும் ஆட முடியாமல் போனது. வேறு எந்த கோச்சாக இருந்தாலும் வேலை போயிருக்கும். பல்கலைக்கழகம் ரப்பின் பின்னால் நின்றது. அடுத்த சீசனில் அவருடைய அணி 25 ஆட்டங்களில் 25-லும் வென்றது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மாநிலத்தில் அவர் இடத்தை அசைக்க யாராலும் முடியாது என்ற நிலை 1954-லேயே வந்துவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரப் என்றதும் எல்லாரும் பேசுவது 1966 மார்ச் 19 இரவைத்தான். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கோல் ஃபீல்ட் ஹவுஸில் தேசிய இறுதி ஆட்டம். ஒரு பக்கம் முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட கென்டக்கி. உயரம் குறைவு என்பதால் 'ரப்பின் குள்ளர்கள்' என்று செல்லப்பெயர் பெற்ற அணி. பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் கோச்சாகப் பெயர் பெற்ற பாட் ரைலி அதில் ஆடினார். எதிரே எல் பாஸோ நகரிலிருந்து வந்த டெக்ஸஸ் வெஸ்டர்ன். அதன் கோச் டான் ஹாஸ்கின்ஸ் ஐந்து கறுப்பின வீரர்களை முதலில் இறக்கினார்: பாபி ஜோ ஹில், டேவிட் லாட்டின், ஆர்ஸ்டன் ஆர்டிஸ், வில்லி வோர்ஸ்லி, ஹாரி ஃப்ளோர்னாய். மாற்றாக இறங்கிய நெவில் ஷெட்டும் வில்லி கேஜரும் கறுப்பினத்தவர்தான். அந்த ஏழு பேர் மட்டுமே ஆடினார்கள். தேசிய இறுதி ஆட்டத்தில் ஐந்து கறுப்பின வீரர்களோடு ஓர் அணி தொடங்கியது அதுவே முதல் முறை.

முடிவு 72-65. ஆட்டம் எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் பாதியில் பாபி ஜோ ஹில் அடுத்தடுத்து இரண்டு முறை கென்டக்கி வீரர்களின் கையிலிருந்தே பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டார். கென்டக்கி அதிலிருந்து மீளவே இல்லை. ஆட்டத்தின் ஓட்டத்தில் போட்ட கூடைகளின் (ஃபீல்ட் கோல்) கணக்கில் கென்டக்கிதான் அதிகம், 27-க்கு 22. ஆனால் எதிரணி செய்யும் தவறுக்காகத் தடுப்பாரின்றிப் போடக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ, டெக்ஸஸ் வெஸ்டர்னுக்கு 34 கிடைத்து 28 விழுந்தது, கென்டக்கிக்குக் கிடைத்தது 13, விழுந்தது 11. 'கறுப்பின வீரர்கள் குதிப்பார்கள், ஓடுவார்கள், ஆனால் நெருக்கடியில் நிதானம் இருக்காது, வழிநடத்த ஒரு வெள்ளையராவது வேண்டும்' என்று அந்தக் காலத்து கோச்கள் வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். ஃப்ரீ த்ரோ கோட்டில் தனியாக நின்று 28 முறை பந்தைக் கூடைக்குள் போடுவதைவிட நிதானத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா? டெக்ஸஸ் வெஸ்டர்ன் அன்று ஆடியது பொறுமையான, கட்டுப்பாடான, தற்காப்பை நம்பிய ஆட்டம். வேகமாக ஓடி ஆடும் அணி என்றால் அது கென்டக்கிதான்.

இந்த ஓர் இரவு ரப்பை வில்லனாக்கியது. அது முழுக்க நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஹாலிவுட்டும் இந்தக் கதையைத் தன் வசதிக்கு வளைத்திருக்கிறது. ஹாஸ்கின்ஸ் வந்த முதல் வருடமே கோப்பையை வென்ற மாதிரி காட்டினார்கள், உண்மையில் அது அவருடைய ஐந்தாவது சீசன். அன்று முழு வெள்ளை அணியோடு இருந்த தென்மாநில கோச் ரப் ஒருவர் மட்டுமல்ல என்பதும் உண்மை. அவருடைய அணி சேர்ந்திருந்த எஸ்.இ.சி. என்ற தென்கிழக்கு கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் குழுவில், எந்த அணியிலும் அந்த வருடம் கறுப்பின கூடைப்பந்து வீரர் ஆடவில்லை.

அவர் தரப்பில் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கென்டக்கிக்கு வருவதற்கு முன் இல்லினாய் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட்டில் பள்ளி கோச்சாக இருந்தபோது அவர் அணியில் ஒரு கறுப்பின மாணவர் ஆடினார். 1951 டிசம்பரில் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் அணி சாலி வாக்கர் என்ற கறுப்பின வீரரோடு, கென்டக்கி பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டனுக்கு வந்து ஆட ரப் சம்மதித்தார். தென்மாநிலங்களில் பல கோச்கள் அப்படியொரு ஆட்டத்தையே ரத்து செய்திருப்பார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் அமெரிக்க அணியின் துணை கோச். அமெரிக்க ஒலிம்பிக் கூடைப்பந்து அணியின் முதல் கறுப்பின வீரரான டான் பார்க்ஸ்டேல் அந்த அணியில் இருந்தார். பயணத்துக்கு முன் லெக்சிங்டனில் நடந்த காட்சி ஆட்டத்தில் பார்க்ஸ்டேல் ஆடினார், ஆனால் சக வீரர்களோடு ஹோட்டலில் தங்க முடியவில்லை. ரப் தன்னிடம் வந்து, 'இப்படி இல்லாமல் இருந்திருக்கலாம் தம்பி, ஆனால் நீயோ நானோ இதில் செய்ய ஒன்றுமில்லை' என்ற பொருளில் பேசியதாக பார்க்ஸ்டேல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ரப் மீது அவருக்குக் கசப்பு இருக்கவில்லை.

இன்னொரு பக்கத்துச் சாட்சிகளும் உண்டு. ரப்போடு பல ஆண்டுகள் துணை கோச்சாக இருந்த ஹாரி லங்காஸ்டர் தன் நினைவுக் குறிப்பில் ஒன்றை எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஆஸ்வால்ட் கறுப்பின வீரர்களைச் சேர்க்கச் சொல்லி நெருக்கியபோது, மிக மோசமான இனவசைச் சொல்லைப் போட்டு ரப் தன்னிடம் புலம்பினார் என்கிறார். 1966 இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் ரப் இனவசை பேசினார் என்று ஒரு பத்திரிகையாளர் சொல்ல, அந்த அணியின் வீரர்கள் சிலர் அப்படி நடக்கவே இல்லை என்றார்கள். இந்தச் சொல் விவாதத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம்.

பார்க்ஸ்டேலிடம் சொன்ன அந்த 'செய்ய ஒன்றுமில்லை' என்ற வாக்கியத்தைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். 1948-ல் அது ஏறக்குறைய உண்மை. கென்டக்கியில் 1904-லிருந்து ஒரு சட்டம் இருந்தது. கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் ஒரே கல்வி நிலையத்தில் படிப்பதையே அது குற்றமாக்கியது. 1949-ல் லைமன் ஜான்சன் என்ற கறுப்பின ஆசிரியர் வழக்குப் போட்டு வென்று பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்பின் கதவைத் திறந்தார். 1954-ல் இளநிலை வகுப்புகளும் திறந்தன. அதற்கப்புறம் கூடைப்பந்து அணியை வெள்ளையாகவே வைத்திருக்கச் சொல்லி எந்தச் சட்டமும் ரப்பைக் கட்டிப்போடவில்லை. எஸ்.இ.சி.யிலும் எழுதிவைத்த விதி கிடையாது, எழுதாத வழக்கம்தான். 1963-ல் பல்கலைக்கழகமே தன் விளையாட்டு அணிகள் எல்லாருக்கும் திறந்தவை என்று அறிவித்தது. ரப் ஸ்காலர்ஷிப் கொடுத்து ஒரு கறுப்பின வீரரைச் சேர்த்தது 1969-ல். டாம் பெய்ன், 7 அடிக்கு மேல் உயரம். 1970-71-ல் ஒரு சீசன் ஆடிவிட்டு என்.பி.ஏ.வுக்குப் போனார். 42 வருடத்தில் ரப் அப்படிச் சேர்த்த கறுப்பின வீரர் அவர் ஒருவரே.

'முயற்சி செய்தார், யாரும் வரவில்லை' என்பார்கள். 1964-ல் லூயிவில் நகரத்துப் பள்ளி நட்சத்திரம் வெஸ் அன்செல்டைக் கென்டக்கி அணுகியது நிஜம். அவர் சொந்த ஊரிலேயே லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1969-ல் என்.பி.ஏ.வில் முதல் சீசனிலேயே மிகச் சிறந்த வீரர் விருதும் சிறந்த புதுமுக விருதும் வாங்கினார். மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் போய் முதல் ஆளாக ஆட யாருக்கும் பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தைப் போக்க, கோச் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, 'உனக்கு ஒன்று என்றால் நான் அணியைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுவேன்' என்று தாய் தகப்பனிடம் சொல்ல வேண்டும். ஒரு சிலரைக் கேட்டுப் பார்த்துவிட்டு 1969 வரை காத்திருப்பதை நான் முயற்சிக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அதே மாநிலத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். லூயிவில் பல்கலைக்கழகம் 1962-லேயே கறுப்பின வீரர்களைச் சேர்த்தது. 1963-ல் வெஸ்டர்ன் கென்டக்கியில் க்ளெம் ஹாஸ்கின்ஸும் ட்வைட் ஸ்மித்தும் சேர்ந்தார்கள். 1966 தொடரில் அந்த வெஸ்டர்ன் கென்டக்கி அணி மிச்சிகனிடம் 80-79 என்று ஒரே புள்ளியில் தோற்றது. ஜெயித்திருந்தால் அடுத்த ஆட்டம் ரப்பின் கென்டக்கியோடு. சொந்த மாநிலத்துக் கறுப்பினப் பிள்ளைகளை எதிரணியில் பார்த்துத்தான் ரப் இறுதி ஆட்டத்துக்கே போயிருக்க வேண்டியிருக்கும்.

மிசிசிப்பியின் கதை இன்னும் உறைக்கும். மிசிசிப்பி ஸ்டேட் 1959-லும் 1961-லும் எஸ்.இ.சி. சாம்பியன், 1962-ல் கென்டக்கியோடு சேர்ந்து முதலிடம். மூன்று முறையும் தேசியத் தொடருக்குப் போகவில்லை. கறுப்பின வீரர்கள் இருக்கும் அணிகளோடு ஆடக் கூடாது என்பது அந்த மாநிலத்தின் எழுதாத கட்டளை. மூன்று முறையும் எஸ்.இ.சி. சார்பில் போனது கென்டக்கி. 1963-ல் மறுபடியும் ஜெயித்ததும், பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வார்டும் கோச் பேப் மெக்கார்த்தியும் போயே தீருவது என்று முடிவெடுத்தார்கள். நீதிமன்றத் தடை கையில் வந்து சேர்வதற்குள் இருவரும் மாநில எல்லையைத் தாண்டினார்கள், அணி விமானம் ஏறி மிச்சிகனுக்குப் போனது. அங்கே நான்கு கறுப்பின வீரர்களை முதலில் இறக்கிய சிகாகோவின் லயோலாவிடம் 61-51 என்று தோற்றது. லயோலா கடைசியில் கோப்பையையே வென்றது. கென்டக்கியைவிடப் பல மடங்கு இறுக்கமான மாநிலத்தில், தேசிய கோப்பை ஒன்றுகூட இல்லாத ஒரு கோச் செய்த காரியம் இது. 'எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்' என்று சொல்பவர்கள் இவரை எங்கே வைப்பார்கள்?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று. ரப் படித்தது கான்ஸஸ் பல்கலைக்கழகத்தில். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அங்கே ஆசிரியர், ஃபாக் ஆலன் கோச். அதே பல்கலைக்கழகத்தில் 1930-களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் நெய்ஸ்மித்திடம் படித்தார். பல்கலைக்கழக அணியில் அவர் ஆட முடியாது, நிறம் தடை. அவர் வட கரோலினாவின் டர்ஹமில் கறுப்பினக் கல்லூரியில் கோச் ஆனார். 1944 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரெல்லாம் சர்ச்சில் இருந்த நேரம், டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணியை வரவழைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு ஓர் ஆட்டம் நடத்தினார். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, செய்தியும் வெளியே போகக் கூடாது. மெக்லெண்டனின் அணி 88-44 என்று வென்றது. அப்புறம் இரண்டு அணியையும் கலந்து இன்னொரு ஆட்டமும் ஆடினார்கள். பின்னர் டென்னசியில் 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று முறை சிறு கல்லூரிகளுக்கான தேசிய கோப்பையை வென்றார். வேக ஆட்டத்தின் இலக்கணத்தை வகுத்தவர்களில் ஒருவர். இவரைத் தெரிந்தவர்கள் ரப்பைத் தெரிந்தவர்களில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்க மாட்டார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மூன்றாவது ஆள் டீன் ஸ்மித். அவரும் கான்ஸஸ்காரர், ஃபாக் ஆலனிடம் ஆடி 1952-ல் சாம்பியன் அணியில் இருந்தவர். அவருடைய அப்பா ஆல்ஃபிரட் ஸ்மித் எம்போரியா பள்ளி கோச். 1934-ல் கறுப்பின வீரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மாநில சாம்பியன்ஷிப் வென்றவர். டீன் ஸ்மித் 1961-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் தலைமை கோச் ஆனார். 1965 ஜனவரியில் அணி தோற்றுத் திரும்பியபோது சொந்த மாணவர்களே அவர் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வேலை போகலாம் என்ற நிலை. அந்த நிலையில் இருந்துகொண்டு, அடுத்த வருடமே சார்லி ஸ்காட் என்ற கறுப்பின வீரருக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்துச் சேர்த்தார். தென் கரோலினாவில் ஓர் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது ஒரு ரசிகர் ஸ்காட்டை வசைபாட, ஸ்மித் அவர் மேல் பாயப் போனார், துணை கோச்கள்தான் பிடித்து நிறுத்தினார்கள். பின்னாளில் ஸ்மித் 879 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். 1997-ல் அவர் முந்தியது ரப்பின் சாதனையைத்தான்.

ஸ்மித்தும் தாமதம் செய்தார் என்று வாதிடலாம். தலைமை கோச் ஆகி ஐந்து வருடம் கழித்துத்தான் ஸ்காட் வந்தார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு தேசிய கோப்பை வைத்திருந்த மனிதர் தயங்கிய இடத்தில், கொடும்பாவி தொங்கவிடப்பட்ட மனிதர் துணிந்தார் என்ற உண்மை அதனால் மாறாது.

இங்கே ஹாஸ்கின்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் தன்னைப் புரட்சிக்காரர் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. என்னிடம் இருந்த சிறந்த ஐந்து பேரை இறக்கினேன், அவ்வளவுதான் என்பார். ஓக்லஹோமாவில் சிறுவனாக இருந்தபோது ஹெர்மன் கார் என்ற கறுப்பினப் பையனோடு தினமும் ஆடியவர். தனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, தனக்கு ஈடாக ஆடிய காருக்குக் கிடைக்கவில்லை என்பதை அவர் மறக்கவில்லை. ஆனால் அந்த வெற்றியும் கறையில்லாதது அல்ல. 1968-ல் ஒரு பெரிய விளையாட்டு இதழ், இந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின வீரர்களை ஆடவைத்துவிட்டுப் படிப்பைக் கவனிக்கவில்லை என்று கடுமையாக எழுதியது. வீரர்களில் சிலர் அந்தக் கட்டுரையே அநியாயம் என்றார்கள். ஆனாலும் ஆடவிடுவது வேறு, மாணவராக மதிப்பது வேறு என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அது தீரவில்லை.

கோச்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் விலை கொடுத்தவர்கள் மறைந்துவிடுவார்கள். எஸ்.இ.சி.யில் முதன்முதலில் முழு சீசன்களும் ஆடிய கறுப்பின வீரர் பெர்ரி வாலஸ். நாஷ்வில்லின் பேர்ல் பள்ளியில் படிப்பில் முதல் மாணவர். 1966-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1967 டிசம்பரிலிருந்து முதல் அணிக்கு ஆடினார். மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஆட்டத்தில் முகத்தில் அடிபட்டு ரத்தம் கட்டியது. இடைவேளை முடிந்து சிகிச்சை பெற்றுக் கிளம்பும்போது அணி அவருக்காகக் காத்திராமல் ஆடுகளத்துக்குப் போய்விட்டிருந்தது. வெறுப்பில் கத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே அவர் தனியாக நடந்து வந்தார். 1970-ல் பட்டம் வாங்கியபின், வளாகத்தில் தான் எவ்வளவு தனிமையில் இருந்தேன் என்று ஒரு நாளிதழிடம் மனம் திறந்து சொன்னார். அதற்காக அவரை நன்றி கெட்டவர் என்றார்கள். ஊரை விட்டுப் போனார், வழக்கறிஞரானார், சட்டப் பேராசிரியரானார். அவருடைய 25-ஆம் எண் சட்டைக்கு வாண்டர்பில்ட் மரியாதை செய்தது 2004-ல்.

கென்டக்கியின் அமெரிக்கக் கால்பந்து அணி ரப்பை முந்திக்கொண்டது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நேட் நார்த்திங்டனும் க்ரெக் பேஜும் அதே வளாகத்தில் 1966-லேயே சேர்ந்துவிட்டார்கள். பயிற்சியில் அடிபட்ட பேஜ் 1967 செப்டம்பர் 29 அன்று இறந்தார். மறுநாள் நார்த்திங்டன் களத்தில் இறங்கி எஸ்.இ.சி. கால்பந்தில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். ஒரே வளாகம், ஒரே கான்ஃபரன்ஸ், ஒரே ரசிகர்கள். கூடைப்பந்தில் மட்டும் முடியாது என்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

இனி அரங்கம். ரப் அரினா 1976-ல் திறந்தது, மறு வருடம் டிசம்பர் 10 அன்று ரப் காலமானார். 2020-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க அமெரிக்கக் கல்வித் துறைப் பேராசிரியர்கள் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். பெயர் மாறவில்லை. ரப்புக்குப் பின் வந்த ஜோ ஹால் கறுப்பின வீரர்களைத் தயக்கமில்லாமல் சேர்த்தார். 1978 இறுதி ஆட்டத்தில் டியூக்குக்கு எதிராக 41 புள்ளி எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்த ஜாக் கிவன்ஸ் லெக்சிங்டனிலேயே வளர்ந்த கறுப்பினப் பிள்ளை. 1998-ல் இன்னொரு கோப்பை கொண்டுவந்த டப்பி ஸ்மித் கென்டக்கியின் முதல் கறுப்பினத் தலைமை கோச்.

பெயரை எடுக்கச் சொல்பவர்களின் கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். எடுக்கவில்லை என்றால், 876 வெற்றிகளைச் சொல்லும் அதே அரங்கத்தில் லைமன் ஜான்சன், சாலி வாக்கர், வெஸ் அன்செல்ட், டாம் பெய்ன் கதைகளும் தேதியோடு இருக்க வேண்டும். உள்ளே வரும் ஒரு பள்ளிப் பிள்ளை, 1954-க்கும் 1969-க்கும் நடுவில் இந்த அணியில் ஏன் கறுப்பினத்தவர் யாரும் சேர்க்கப்படவில்லை என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பெயரை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுடையது.